ஆவுடைத்தாய் கூப்பிட்ட சாட்சி

சினிமாவுக்குள் நின்ற கொலைகாரனை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டது டவாலி ஆவுடைத்தாய்தான் என்பதில் மேலக்கரை ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை மேட்னியில் பாக்கியலட்சுமி டாக்கீஸுக்குள் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள், காது மந்தமான பூக்காரர் ஒருவர்கூட அது தன் முதுகுத்தண்டு வழியாக ஏறிப் போனதாகப் பின்னால் சொன்னார். குரல் அப்படிப்பட்ட குரல்.

ஆவுடைத்தாய்க்கு மேலக்கரை செஷன்ஸ் கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி வேலை. புருஷன் அங்கே டவாலியாக இருந்து காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அந்த வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். வெள்ளைச் சேலைக்கு மேல் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை, பட்டையில் அரசாங்க முத்திரை போட்ட பித்தளை வில்லை, அதை அவள் புளி போட்டுத் துலக்கி வைத்திருப்பதால் வராந்தாவில் அவள் திரும்பும்போதெல்லாம் சுவரில் ஒரு வெளிச்சம் ஓடும். உள்ளே ஜட்ஜ் ஐயா பேரைச் சொன்னதும் வெளியே நின்று அந்தப் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை பேருக்குரியவனுக்காக, இரண்டாவது அவனைச் சுற்றி நிற்பவர்களுக்காக, மூன்றாவது சட்டத்துக்காக என்று புருஷன் உயிரோடு இருக்கையில் ஒருநாள் சொல்லியிருந்தார். மூன்றாவது கூப்பிடுதலுக்கும் வராதவன் மேல் பிடிவாரண்டு. ஆனால் ஆவுடைத்தாய் கூப்பிட்டு வராமல் போனவர்கள் குறைவு. வாய்தாவை மறந்துவிட்டு ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தன் அவள் குரல் கேட்டு ஈரத்துண்டோடு ஓடிவந்து கூண்டில் ஏற, ஜட்ஜ் ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்தா கொடுத்த கதை ஊரில் உண்டு.

இத்தனை பேரைக் கூப்பிட்டவள் ஒரு வழக்கைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. கூப்பிட்டவன் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே யார் பொய் சொன்னான், யார் அழுதான், என்ன தீர்ப்பு என்று அவளுக்குத் தெரியாது, அவள் கேட்டதும் இல்லை. அடுத்த பேருக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவளை அவள் அண்ணன் சம்சாரம் சொர்ணம்தான் இழுத்துக்கொண்டு போனாள். "கோர்ட்டுப் படமாம் ஆவுடை, வா, சும்மா வீட்ல கெடந்து என்ன செய்யப்போற," என்று கேலியும் கூப்பிடுதலுமாகச் சொல்லி, மடியில் வறுத்த கடலையும் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இடம் பிடித்தாள்.

படத்தின் பேர் 'நிழலுக்குச் சாட்சி இல்லை'. அதில் சுகுமார் என்று ஒருத்தன், நல்ல நிறம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். தன்னோடு கூட்டாக மில் வைத்திருந்த மகாதேவன் என்பவனைக் கொன்றுவிடுகிறான். பப்ளிக் பிராசிகியூட்டர் ஜெயசீலன் என்கிற தாடிக்கார வக்கீல், செத்தவன் கையில் இருந்த கடிகாரம் கண்ணாடி உடைந்து ஒன்பதே காலில் நின்றுபோயிருப்பதைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டி, கொலை நடந்தது சரியாக ஒன்பதே காலுக்கு என்று மேஜையைத் தட்டித் தட்டி நிரூபிக்கிறார். அவர் நிரூபித்து முடிக்கும்வரை பேசாமல் நின்றுவிட்டு, சுகுமார் மெதுவாகச் சிரிக்கிறான். அன்றைக்கு ஒன்பதே காலுக்கு அவன் கலெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தான், மண்டபம் முழுக்க அதற்குச் சாட்சி. வக்கீல் தோண்டிய குழியில் வக்கீலே விழ, சுகுமாருக்கு விடுதலை. கடைசியில் காரில் ஏறி உட்கார்ந்தவன் தன் கையிலுள்ள கடிகாரத்தின் முள்ளை ஒரு விரலால் பின்னால் திருப்பிக் காட்டிச் சிரிப்பான், அப்போதுதான் அவன் செய்த வேலை நமக்கு விளங்கும், டாக்கீஸ் முழுக்க விசில் பறக்கும்.

இது எல்லாம் படத்தை எடுத்தவர்கள் எடுத்து வைத்தபடி. ஆனால் எடுத்தவர்களுக்கு என்ன அவசரமோ, விசாரணை ஆரம்பிக்கும் இடத்தில் சினிமா டவாலி சுகுமார் பேரை இரண்டே தடவைதான் கூப்பிட்டான்.

"சுகுமார்... சுகுமார்..."

ஆவுடைத்தாய் கடலையை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. சுகுமார் தன் பாட்டுக்குக் கூண்டில் கால் வைக்கப் போனான். அப்போது அவளை அறியாமல், வருஷக்கணக்கான பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்துவிட்டது.

"சுகுமார்ர்ர்..."

ஓட்டில் இருந்த புறாக்கள் எழும்பின. ஜனம் சிரித்தது. சொர்ணம் அவள் தொடையைக் கிள்ளினாள். திரைக்குள்ளே சுகுமார் கூண்டில் வைக்கப்போன காலைப் பின்னால் எடுத்தான். திரும்பினான். பெண்கள் பக்கத்துப் பெஞ்சை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஆவுடைத்தாயைக் கண்டுபிடித்து, "வந்துட்டேம்மா," என்று சொல்லி, பாலிஷ் போட்ட செருப்பைக் கழற்றிக் கூண்டுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றான்.

"செருப்பக் கழத்துதான் பாரு, மரியாதி தெரிஞ்ச பய," என்றாள் சொர்ணம்.

படம் அதன்பின் வழக்கம்போல் போனது. வழக்கம்போல் சுகுமார் ஜெயித்தான். ஆட்டம் விட்டு வெளியே வந்தார்கள். சோடாக்கடை தாண்டியதும் ஆவுடைத்தாய் கேட்டாள்.

"மயினி, இவந்தான கொன்னான்?"

"ஆமா."

"பெறகு எப்படி விட்டாவ?"

"அதான படமே. கெட்டிக்காரன், தப்பிச்சிட்டான்."

"நான்லா கூப்பிட்டேன் அவன," என்றாள் ஆவுடைத்தாய்.

அன்று சாயங்கால ஆட்டத்துக்கு அவள் போகவில்லை. அந்த ஆட்டத்தில் சினிமா டவாலி இரண்டு தடவை கூப்பிட்டு முடித்ததும் சுகுமார் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்று நகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஜட்ஜ் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. ஜெயசீலன் ஒரு தடவை எழுந்தார், ஒரு தடவை உட்கார்ந்தார். கடைசியில் ஜட்ஜ் பிடிவாரண்டு போட்டு எழுந்துபோக, இடைவேளைக்கு முன்பே 'வணக்கம்' என்று எழுத்து வந்துவிட்டது. டாக்கீஸ் முதலாளி வைகுண்டம் அண்ணாச்சி ஓடிப்போய் ஆபரேட்டரைத் திட்ட, ஆபரேட்டர் சுருளைக் கையில் பிடித்துக் காட்டி, "வந்த நீளம் அப்படியே இருக்கு அண்ணாச்சி, உள்ள இருக்கவன் நகர மாட்டேங்கான், நான் என்ன செய்ய," என்றான்.

மறுநாள் ஊரில் குரல் உள்ளவர்கள் எல்லாரும் முயன்று பார்த்தார்கள். சுகுமாராக நடித்த நடிகருக்கு மேலக்கரையில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது, தலைவர் சைக்கிள் கடை சுடலைக்கண்ணு. அவன் மைக் செட்டு வைத்துக் கூப்பிட்டான். கோவில் கொடை விழாவில் ராஜா வேஷம் கட்டுகிறவர் நெஞ்சில் கைவைத்துக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர்களை ஏலம் போடுகிறவன் ஒரே மூச்சில் பத்துத் தடவை கூப்பிட்டான். சுகுமார் கொட்டாவி விட்டானே தவிர நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் வைகுண்டம் அண்ணாச்சி கோர்ட்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"தாயி, ஆட்டத்துக்கு ஒரு தடவ வந்து அந்தப் பயலக் கூப்பிட்டுட்டுப் போயிரு. ஒனக்குத் தனியா நாற்காலி போடுதேன். முறுக்கு, கலர் சோடா, என்ன வேணுமோ சாப்பிடு."

"நான் கோர்ட்டு ஆளு அண்ணாச்சி. ஐயா சொன்ன பேரத்தான் கூப்பிடணும். நெனச்ச எடத்துல கூப்பிட முடியாது."

ஜட்ஜ் ஐயா விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டியபடியே சொன்னார். "கோர்ட் நேரத்துக்கு வெளியே டவாலி கூப்பிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கூண்டு இருக்கிறது, ஜட்ஜ் இருக்கிறார், ஆக அதுவும் ஒரு கோர்ட்தான். ஆனால் ஒன்று, ஆவுடைத்தாய். அங்கேயும் உள்ளே இருந்து சொல்லப்பட்ட பேரை மட்டும்தான் கூப்பிட வேண்டும். தன் இஷ்டத்துக்கு ஒரு பேரைக் கூப்பிட்ட டவாலி அன்றைக்கே வில்லையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட வேண்டியதுதான். அது எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் சரி."

"சரிங்கய்யா," என்றாள் ஆவுடைத்தாய்.

அப்படித்தான் மேலக்கரையில் ஆட்ட நேரம் மாறியது. கோர்ட்டு விட்டு அவள் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, பட்டையும் வில்லையும் மாட்டிக்கொண்டு வந்து, டாக்கீஸ் வாசலில் கறுப்புத் திரைச்சீலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்து நின்று, மூன்றாவது தடவை கூப்பிடுவாள். சுகுமார், "வந்துட்டேம்மா," என்று செருப்பைக் கழற்றுவான். ஊர் இதைச் சீக்கிரமே தன்னுடைய நடைமுறையில் சேர்த்துக்கொண்டது. ஆற்றுக்கு அக்கரையில் வயலில் நிற்பவர்கள் அவள் குரலைக் கேட்டு மாட்டை அவிழ்த்தார்கள். கடைசிப் பஸ் டிரைவர் அந்தக் குரலுக்கு அப்புறம்தான் வண்டியைக் கிளப்பினார். ஜூனியர் வக்கீல்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சுகுமாரின் பதில்களை மனப்பாடம் செய்தார்கள், அதில் ஒருத்தர் ஒரு வரப்புத் தகராறில் அதே மாதிரி மெதுவாகச் சிரித்துப் பார்த்து ஜட்ஜ் ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சுகுமாரும் ஊரோடு பழகிவிட்டான். "சாப்பாடு ஆச்சாம்மா?" என்று கேட்பான் ஒருநாள். "தொண்டை கட்டியிருக்கே, பனங்கல்கண்டு போட்டுக்கோங்க," என்பான் ஒருநாள். பெண்கள் பக்கத்தில் அவனுக்கு ரொம்ப நல்ல பேர். "கொலகாரனா இருந்தாலும் கொணம் தங்கம்," என்று சொன்னார்கள்.

ஆவுடைத்தாய்க்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. வாழ்நாளில் முதன்முறையாகக் கூப்பிட்ட பிறகு கதவு சாத்தாமல் இருந்தது. தனி நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கை உடைத்துக்கொண்டு, ஒரே வழக்கைத் தினமும் ஆதியோடந்தமாகப் பார்த்தாள். ஒரே வழக்கைத் தினமும் பார்க்கிறவளுக்கு, பேசுகிறவர்கள் மேல் இருக்கிற கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசாதவர்கள் மேல் போகும். அப்படித்தான் அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில், சுவரோரமாக, நெற்றியில் ஒன்றுமில்லாமல், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன மகாதேவனின் பெண்சாதி. படம் முழுக்க அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஜெயசீலன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிற ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வருமுன் வக்கீல் மேஜையைத் தட்டுவார், அவள் மூடிக்கொள்வாள்.

"மயினி, கடைசி பெஞ்சப் பாரு. அந்தப் பிள்ளைக்கு என்னமோ சொல்லணும்."

சொர்ணம் பார்த்தாள். அடுத்த நாள் அவள் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். நாலாம் நாள் தரை டிக்கெட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சுகுமாரை விட்டுவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் வாயைத் திறக்கும்போது இவர்களும் திறந்தார்கள், மூடும்போது ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள்.

"அவளக் கூப்பிடேன் ஆவுடை," என்றார்கள்.

"எப்படிக் கூப்பிட? பேரு உள்ளேருந்து வரணும்லா? என் இஷ்டத்துக்குக் கூப்பிட்டா வில்லையக் கழத்தணும். பெறகு கஞ்சிக்கு ஒங்க வீட்டுக்கா வர?"

"சரி, பேரு என்ன அவளுக்கு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. படத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிப் பேசவில்லை. எழுத்து ஓடும்போதும் அவள் பேர் வரவில்லை. பெண்கள் ஆளுக்கொரு பேராக வைத்துப் பார்த்தார்கள். மீனாட்சி என்றார்கள், ருக்மணி என்றார்கள், வசதியான இடத்துப் பெண் மாதிரி இருக்கிறாள், சுலோசனாவாகத்தான் இருக்கும் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அந்தப் பேர்களுக்கெல்லாம் அவள் திரும்பவில்லை.

இந்தப் பேச்சு மன்றத்துக்குப் போய்விட்டது. சுடலைக்கண்ணு கிரீஸ் கையோடு கோர்ட்டு வாசலில் வந்து நின்றான்.

"எக்கா, என்னமோ கேள்விப்படுதேன். எங்க ஆளு இந்தப் படத்துல தோக்க மாட்டாரு. தோத்தா நாங்க இந்த ஊருல சைக்கிள் மிதிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

"ஒங்க ஆளு கொன்னானா இல்லியாடே?"

"கொன்னாரு. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீ போயி பஞ்சர் ஒட்டு."

சுடலைக்கண்ணு போகாமல் நின்றான். "அவரு எம்புட்டு அழகாத் தப்பிக்காருக்கா! நம்மள்ல ஒருத்தன் வக்கீலு மூஞ்சியில கரியப் பூசிட்டு வெளிய வர்றதப் பாத்திருக்கியளா நீங்க? படத்துலயாவது வரட்டுமே!"

அவன் சொன்னதும் அவளுக்குப் புரியத்தான் செய்தது. வராந்தாவில் அவள் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் சுடலைக்கண்ணு மாதிரி ஆட்கள்தான். யோசித்துவிட்டுச் சொன்னாள், "அவன் நம்மள்ல ஒருத்தன் இல்லடே. அவனுக்கு மில்லு இருக்கு. கடைசி பெஞ்சுல பேச எடமில்லாம இருக்கா பாரு, அவதான் நம்ம ஆளு."

சுடலைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

படம் ஊரைவிட்டுப் போகும் முன் வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டாக்கீஸ் கொள்ளவில்லை. சேர் வகுப்பில் முதல் ஆளாக ஜட்ஜ் ஐயாவே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஆவுடைத்தாயின் கை தானாக வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மாட்டாமல் வந்திருக்கலாமே என்றும் தோன்றியது. மாட்டாமல் வந்தால் அவள் யார்?

சுகுமாரைக் கூப்பிட்டாள். வந்தான். "இன்னைக்கு மொகம் வாட்டமா இருக்கேம்மா," என்றான். அவள் தன் நாற்காலிக்குப் போகவில்லை. தரை டிக்கெட்டுக்காரர்களின் கால்களை விலக்கிக்கொண்டு மணலில் நடந்து நேரே திரைக்கு அடியில் போய் நின்றாள். ஜெயசீலன் கடிகாரத்தைத் தூக்கி முழங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் தன் பேர் தனக்கே மறந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கும் சாட்சிகளிடம் குனிந்து கேட்பாளே, அதே மாதிரி, முழக்கத்துக்கு அடியில், மெல்லக் கேட்டாள்.

"ஒம் பேரு என்ன தாயி?"

கடைசி பெஞ்சுக்காரி தலையைத் தூக்கினாள். தன்னைத்தானா என்று பக்கத்தில் பார்த்தாள். அப்புறம் உதட்டை அசைத்தாள். டாக்கீஸில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை, ஆவுடைத்தாய்க்குக் கேட்டது. அவள் தலையாட்டிவிட்டு, வந்த வழியே மணலில் நடந்து, வாசலுக்குப் போய், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல உத்தரவுதான் இல்லை.

திரைக்குள் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "அரசுத் தரப்பில் வேறு சாட்சிகள் உண்டா?"

இல்லை என்று சொல்வதற்காக ஜெயசீலன் எழுந்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்து, இல்லை என்று சொல்லி, அடுத்த நிமிஷம் முகத்தில் கரி பூசிக்கொண்டு உட்காருகிற மனிதர் அன்றைக்கு எழுந்தவர் எழுந்தபடி நின்றார். தாடியைத் தடவினார். மேஜையைப் பார்த்தார், கடைசி பெஞ்சைப் பார்த்தார், அதற்கப்பால் டாக்கீஸ் வாசலில் வெயிலுக்கு எதிராக நின்ற வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"ஒரு சாட்சி பாக்கி இருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே. பேர் டவாலிக்குத் தெரியும்."

சினிமா ஜட்ஜ் வாசல் பக்கம் திரும்பி, "கூப்பிடுங்கள்," என்றார்.

ஆவுடைத்தாய் கூப்பிட்டாள். "கமலவேணீ..." தரை டிக்கெட்டில் ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. "கமலவேணீ..." வெளியே மாட்டுவண்டிகள் நின்றன. மூன்றாவதை அவள் இத்தனை வருஷத்தில் கூப்பிடாத மாதிரி கூப்பிட்டாள், ஓடு நடுங்கியது, திரை ஒரு கப்பல் பாய் போல உள்வாங்கி நிமிர்ந்தது, கடைசி பெஞ்சுக்காரி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, அத்தனை பேருடைய முழங்கால்களையும் தாண்டி வந்து, சாட்சிக் கூண்டில் நின்றாள்.

"அந்தக் கடிகாரம் ஓடாது," என்றாள். இருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "அது ஓடாதுங்க. எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது. தண்ணி புகுந்து நின்னுபோய் வருஷமாச்சு. மாமனார் போட்டத கழட்டக் கூடாதுன்னு அப்படியே கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. மணி யாராச்சும் கேட்டா சிரிப்பாரு. அதுல எப்பவும் நாலரைதான். அன்னைக்கு வீட்டவிட்டுப் போகும்போதும் நாலரைதான் இருந்துச்சு. அதை ஒன்பதே காலுக்குத் திருப்பினது யாருன்னு எனக்குத் தெரியாது."

மேலக்கரையில் பாதி ஆண்களின் கையில் மாமனார் போட்ட கடிகாரம்தான் இருந்தது, அதில் பல ஓடாதவை. ஒவ்வொருத்தரும் குனிந்து தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயசீலன் சுகுமாரிடம் திரும்பினார். இந்தத் தடவை மேஜையைத் தட்டவில்லை. கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"ஒன்பதே கால் யாருக்குத் தேவைப்பட்டது, தம்பி?"

எதற்கும் ஒரு பதிலை நாக்கில் தயாராக வைத்திருக்கிறவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. செத்தவன் கையில் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்த கெட்டிக்காரன், திருப்பும் முன் அது எங்கே நின்றது என்று பார்க்க மறந்திருந்தான். கன்னக்குழி மறைந்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் டாக்கீஸ் வாசலைப் பார்த்தான்.

"என்னை மட்டும் கூப்பிட்டிருந்தாப் போதாதாம்மா?"

"ஒன்னயும் கூப்பிட்டேன், நீ வந்தே. அவளயும் கூப்பிட்டேன், அவளும் வந்தா. அம்புட்டுதான் ஐயா என் சோலி," என்றாள் ஆவுடைத்தாய்.

தீர்ப்பைச் சினிமா ஜட்ஜ் வாசிக்கும்போது முதலில் கைதட்டியது சொர்ணம். சுடலைக்கண்ணு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்துவிட்டு, "நடிப்பப் பாத்தியாடே, பேச்சே இல்லாம நின்னாரு பாரு, அங்கதான்டே நடிகரு," என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். போலீஸ்காரர்கள் கூட்டிப்போகும்போது சுகுமார் செருப்பை மாட்டிக்கொள்ள மறந்தான்.

இடைவழியில் ஜட்ஜ் ஐயா இறங்கி வந்தார். ஆவுடைத்தாய் பட்டையின் முடிச்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எதற்கு அதைத் தொடுகிறாய்? உத்தரவு உள்ளே இருந்துதானே வந்தது. நானும்தான் கேட்டேன்," என்றார். நாலடி போய்த் திரும்பி, "என் கடிகாரத்தையும் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்," என்று பெண்சாதிக்குக் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜனம் கலைந்தது. வெளியே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. சுருள் முடிந்தும் மேலே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஆபரேட்டர் அதை நிறுத்தாமல் டீ குடிக்கப் போயிருந்தான். திரையில் காலிக் கோர்ட்டு ஹாலில் கமலவேணி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தரையில் சிந்திய கடலைத் தோலை மிதித்துக்கொண்டு ஆவுடைத்தாய் கிட்டே போனாள்.

"படப்பெட்டி நாளைக்கு அடுத்த ஊருக்குப் போகுதாம்லா," என்றாள்.

"ஆமாக்கா. அப்புறம் அதுக்கடுத்த ஊரு."

"அங்கல்லாம் மறுபடியும் மொதல்லேருந்து வருமே. அந்தக் கடைசி பெஞ்சுலதான ஒக்காருவ?"

"அங்கதான் என் எடம். அங்கதான் உக்காருவேன்."

ஆவுடைத்தாய்க்கு அந்த ஒன்றுதான் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் பெட்டி போகும், ஊர் ஊராக இவள் வாயைத் திறந்து மூடுவாள். வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியோடு பின்னாலேயே போய்விட முடியுமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

"அங்க ஒன்ன யாரு தாயி கூப்பிடுவா?"

கமலவேணி துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் சிரிப்பதை ஆவுடைத்தாய் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"கூப்பிட வேண்டாங்க்கா. என் பேரக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு காதால கேட்டுட்டேன்ல? இனிமே நானே எந்திரிச்சுப் போயிக்கிடுவேன்."

ஆவுடைத்தாய் அவளை மேலும் கீழும் ஒருதடவை பார்த்தாள்.

"சரி. அந்தக் கூண்டுக்கு மொதப் படி கொஞ்சம் ஒசரம்," என்றாள். "சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறு."